உன் கார் நின்றது உன்னால் அல்ல, யோகன்

என்னோடு ஒரு முழு நாள் கோபமாக இருக்கத் தெரியாத என் தங்கமான மச்சான் யோகனுக்கு,

பாரிஸ் லாச்சப்பலின் மாமன்னனும், ரூ பெர்தொனே வீதிக் கடையில் சேலை மடிக்கும் கலையில் ஐரோப்பாக் கண்டத்திலேயே ஒப்பாரில்லாதவனும், உன் பெண்சாதி வசந்தியின் ஒரே அண்ணனுமாகிய நான் எழுதுவது. நீ இருக்கும் இடத்துக்குத் தபால் எப்படி வருமென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். படித்தவர்களில் யாராவது அந்தப் பக்கம் வரும்போது உன்னிடம் சொல்லட்டும். யாருக்கும் அவசரமில்லை.

நீ போய் ஒரு வருடமும் கொஞ்ச நாட்களும் ஆகின்றன. முதல் செய்தியை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் சிவப்புக் காரைக் கொல்லப் பார்த்தார்கள், மச்சான். கொலைப் பழியையும் உன் தலையிலேயே போடப் பார்த்தார்கள். நான் விடுவேனா?

அந்தக் காரை நீ வாங்கியது இரண்டாயிரத்து ஒன்பதில். ஊரில் போர் முடிந்த அந்த வைகாசிக்குப் பிறகு நம்மில் பலர் பேச்சை விட்டிருந்தோம். வீதியில் பதாகை பிடித்த கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. நீ மட்டும் ரெஸ்ரோரண்டில் சட்டி கழுவி முடித்து ஆர்ஜொந்தெய் வீட்டுக்கு வந்து, ஓடாத ஒரு பழைய டர்போக் காரை உங்கள் மாடிக்குக் கீழே நிறுத்திக் கழற்றத் தொடங்கினாய். "இதென்ன விசர் வேலை?" என்று வசந்தி கேட்டாள். "இதையாவது எழுப்பிப் பாக்கிறன்" என்றாய். அதைக் கேட்டபின் மூன்று நாள் நான் உன்னைக் கேலி செய்யவில்லை. என் சரித்திரத்தில் அவ்வளவு நீண்ட போர்நிறுத்தம் வேறு கிடையாது.

எழுப்பினாய். எழுப்பியதோடு விட்டாயா? பெரிய டர்போ வைத்தாய். தடித்த குழாய்கள் போட்டாய். காற்றைக் குளிரவைக்க முன்னால் ஒரு பெட்டி பூட்டினாய். பழைய காற்று வடிகட்டியை அதன் பெட்டியோடு தூக்கி எறிந்துவிட்டு, பஞ்சுத் துணி வைத்த கூம்பு வடிகட்டி ஒன்றை மாட்டினாய். அதன்பிறகு நீ காலை அழுத்தினால் சேன் நதி இரண்டு நிமிடம் பின்பக்கமாக ஓடும் என்று நான் ரூ பெர்தொனே முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நம்பாதவர்களுக்கு நான் சேலை காட்டியதில்லை.

நீ போனபிறகு அந்தக் காரை ஒருவரும் தொடவில்லை. பற்றரி செத்துவிடும் என்று, வெள்ளிக்கிழமை தோறும் நான் சென் லசாரில் ரயிலேறி வந்து ஸ்டார்ட் பண்ணிக் கால் மணி நேரம் ஓடவிடுவேன். வெள்ளிக்கிழமை என்பதால், வரும் வழியில் ரூ பஜோல் பிள்ளையாரிடம் ஒரு கும்பிடு. பிள்ளையாரிடம் போனால் விபூதி, சந்தனம். கையில் பிரசாதம் இருக்க, காரின் முன்மூடியைத் திறந்தால் உன் வடிகட்டி கூம்பாக எழுந்தருளியிருக்கிறது. நீயே சொல்லு, அதைப் பார்த்தால் எந்தத் தமிழனுக்குக் கை சும்மா இருக்கும்? மூன்று குறி விபூதி, நடுவில் சந்தனம், அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டு. ஐயர் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார். உனக்குச் செய்ய வேறு எதுவும் மிச்சமில்லாததால் அதைச் செய்தேன். ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை.

உன் ஆண்டுத் திவசத்தன்று வசந்தியையும் உன் மகள் மிதுனாவையும் ஏற்றிக்கொண்டு நான்தான் கோயிலுக்கு ஓட்டினேன். கிளம்பும்போதே கார் சரியில்லை. நின்ற இடத்தில் குளிர்காய்ச்சல்காரனைப் போல் உதறியது. எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் எழுநூறுக்கு இறங்கும், ஆயிரத்து இருநூறுக்கு ஏறும், மறுபடி விழும். ஓடும்போது ஒரு குறையுமில்லை. சிவப்பு விளக்கில் காலை எடுத்தால் இரண்டு இருமல், பிறகு மௌனம். லாச்சப்பல் மெட்ரோப் பாலத்துக்குக் கீழே மூன்றாவது தடவையாக நின்றபோது, பின்னால் நின்ற பஸ் அடித்த ஹோர்னில் பாலத்தின் இரும்பு ஓர் அங்குலம் நகர்ந்ததை என் கண்ணால் கண்டேன்.

பின் இருக்கையில் வசந்தி சொன்னாள்: "உயிரோட இருக்கேக்கையும் என்னை றோட்டில நிப்பாட்டினவர், திவசத்தண்டும் நிப்பாட்டிப்போட்டார்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் நம்மவர் ஒருவரின் கராஜுக்குக் கொண்டுபோனோம். பெயர் சொல்லமாட்டேன், உனக்குத் தெரிந்தால் கனவில் போய் உதைப்பாய். முன்மூடியைத் திறந்தான். ஒரு குழாயை விரலால் தட்டினான். கையைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:

"இதைச் செய்தவன் ஆர் அண்ணை? ஒரு சாமானும் இருந்த மாதிரி இல்லை. எங்கையோ காத்து ஒழுகுது. இந்தக் காட்டுக்குள்ள எங்கையெண்டு தேடுறது? கார் உடைக்கிறவங்களுக்குக் குடுங்கோ, இரும்பா எடுப்பாங்கள்."

"செய்தவர் என்ர மனுசன்" என்றாள் வசந்தி.

"குறை நினையாதேங்கோ அக்கா. அவர் உங்களுக்கு விட்டுட்டுப் போனது கார் இல்லை, ஆபத்து."

அந்த வசனத்தை உனக்கு எழுதும் இந்த நேரத்திலும் என் பேனை தாளைக் கிழிக்கிறது. ஒரு விரலால் தட்டிப் பார்த்துவிட்டு உன் பத்து வருட வேலைக்குத் தீர்ப்பு எழுதினானே! வீட்டுப் படியேறும்போது வசந்தி சொன்னாள்: "திங்கக்கிழமை வந்து இழுத்துக்கொண்டு போகச் சொல்லப்போறன்."

"என்ன கதை கதைக்கிறாய்? யோகன் இறுக்கின இடத்தில காத்து ஒழுகினா நான் இந்த மீசையோட லாச்சப்பல் பக்கமே வரமாட்டன்!"

"உன்ர மீசையை நம்பிப் பிள்ளையை ஏத்தேலுமோ அண்ணை? பெரிய வீதியில, லொறிக்கு முன்னால நிண்டா என்ன செய்வாய்? எனக்கு மிச்சம் இருக்கிறது அவள் ஒருத்திதான்."

நான் மீசையை விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தேன், மச்சான். அப்படி நான் உட்கார்ந்த தருணம் என் வாழ்க்கையில் இரண்டுதான். மற்றது, உன் நெஞ்சு நின்றுவிட்டதென்று ஆஸ்பத்திரிக்காரர் சொன்னபோது.

இப்போது உன் மகளைப் பற்றி. மிதுனா ஓர் ஆஸ்பத்திரி லாபோவில் இரத்தம் சோதிக்கிறாள். நாம் தமிழில் கேட்டால் பாதிக்கு மேல் பிரெஞ்சில்தான் பதில் வரும். ஆனால் வேலை என்று இறங்கினால் உன்னைப்போலவே உதட்டைக் கடிக்கிறாள். தாய் உள்ளே போனதும் என்னிடம் வந்து, "மாமா, ஞாயிறு ஒரு நாள் இருக்கு. ஓன் வா எஸெயே" என்றாள். முயற்சி செய்து பார்ப்போம் என்கிறாள். மாமன்னன் சம்மதித்தான்.

ஞாயிறு பத்து மணிக்குக் கீழே இறங்கினோம். நான் நான்கு நட்டை ஒரே நேரத்தில் கழற்றப்போனேன். கையில் ஒரு தட்டு விழுந்தது.

"நோன் மாமா! ஒண்டொண்டா. ரெண்டை ஒண்டா மாத்தினா, எதால சரியானது எண்டு தெரியாது. லாபோவில அப்பிடித்தான்."

"நான் உன்ர அப்பாவுக்கே யோசனை சொன்னவன்."

"ஓம், அப்பா சொன்னவர். அதாலதான் எல்லாத்தையும் ரெண்டு தரம் செய்தவராம்."

நீ இவ்வளவு வாய் உள்ள பிள்ளையை வளர்த்துவிட்டு என்னிடம் ஒப்படைத்துப் போயிருக்கிறாய்.

காற்று ஒழுகுகிறதா என்று பார்க்கப் பெரிய கராஜுகளில் புகை விடும் மெஷின் இருக்கிறதாம். எஞ்சினுக்குள் புகையைச் செலுத்தினால், எங்கே வெடிப்பு இருக்கிறதோ அங்கே எட்டிப் பார்க்கும். இணையத்தில் எவனோ ஒரு பிரெஞ்சுக்காரன் வீட்டிலேயே செய்த கதையை மிதுனா வாசித்திருந்தாள். "புகைக்குத்தான் வழி இல்லை" என்றாள். புகைக்கா? யாழ்ப்பாணத்தானிடமா? சாமியறையில் இருந்த கரித்துண்டையும் சாம்பிராணியையும் அள்ளிக்கொண்டு வந்தேன். பழைய பெயின்ற் தகரத்துக்குள் தணலை மூட்டினோம். மூடியில் இரண்டு துளை. ஒன்றில் காற்று மெத்தை ஊதும் பம்ப். மற்றதிலிருந்து ஒரு குழாய், நேரே எஞ்சினின் காற்றுக் குழாய்க்குள். அதற்கு இடம் விடக் கூம்பு வடிகட்டியைக் கழற்ற வேண்டியிருந்தது. அதன் கழுத்தில் இருந்த சிறு குழாய்த் துண்டும் சேர்ந்தே வந்தது. அதை நானே பக்தியோடு வாங்கி, ஒரு துவாயில் சுற்றி, நிழலில் எழுந்தருளச் செய்தேன்.

பம்பை அழுத்தினோம். கார் முழுக்கக் கோயில் வாசம். மிதுனா டோர்ச் பிடித்துக்கொண்டு நீ போட்ட ஒவ்வொரு குழாயின் கழுத்தையும் பார்த்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்றால், அதற்குள் ஒரு சாதாரண மனிதன் இரண்டு தடவை இறந்திருப்பான்.

தகர மூடியின் ஓரத்தால் கசிந்த புகையைப் பார்த்துவிட்டுக் கட்டிடக் காவல்காரி ஓடிவந்தாள். "முசியே! எரியுது, எரியுது!" என்று பிரெஞ்சில் கத்தினாள். "இல்லை மதாம், பிரார்த்தனை" என்று நானும் பிரெஞ்சில் சொன்னேன். காரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். இந்தக் காருக்கு அது தேவைதான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதினொரு இணைப்பு, யோகன். பதினொன்றில் ஒன்றில்கூட நூல் அளவு புகை வரவில்லை. நீ இறுக்கியது இறுக்கியபடியே இருந்தது. நான் அந்த இடத்திலேயே கராஜ்காரன் இருக்கும் திசையைப் பார்த்து உரத்த குரலில் சில வார்த்தைகள் சொன்னேன். எழுத்தில் போட முடியாது. மூன்றாம் மாடிக்காரன் ஜன்னலைச் சாத்தினான்.

ஆனால் எல்லாவற்றையும் பழையபடி பூட்டி ஸ்டார்ட் பண்ணினால் அதே உதறல். அதே இருமல். நின்றது.

மிதுனா உதட்டைக் கடித்தாள். பிறகு வடிகட்டியின் கழுத்தில் இருந்த ஒரு சின்ன மின்சாரச் செருகியை இழுத்துக் கழற்றினாள். "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்கோ."

"ஒண்டைக் கழட்டினா இன்னும் கூட நிக்குமே!"

"பண்ணுங்கோ மாமா."

பண்ணினேன். முள் எண்ணூற்றைம்பதில் போய் உட்கார்ந்தது. கல்லில் செதுக்கியது மாதிரி. உதறல் இல்லை, இருமல் இல்லை. ஒரு பொருளைக் கழற்றியதும் கார் குணமானால், அந்தப் பொருள்தான் நோய் என்று உன் மகள் சொன்னாள்.

படிப்பவர்களுக்காக இதை விளக்குகிறேன், உனக்குத் தெரியும். கலியாண மண்டப வாசலில் ஒருவனை நிறுத்தி, எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிச் சமையல்காரனுக்குச் சொல்லச் சொல்கிறோம் அல்லவா? காரில் அந்த வேலை, அந்தச் செருகி பூட்டியிருந்த சென்சாருக்கு. வரும் காற்றை எண்ணிச் சொல்லும். அதற்கேற்ற பெற்றோலை எஞ்சின் ஊற்றும். எண்ணுகிறவன் பிழையாகச் சொன்னால் பந்தி கலைந்துவிடும். கூட்டம் கூடினால் ஆள் பிசகு தெரியாது. பத்துப் பேர் மட்டும் வரும் நேரத்தில் மூன்று பேரைத் தவறவிட்டால் உடனே தெரியும். அதனால்தான் ஓடும்போது ஓடி, சும்மா நிற்கும்போது செத்தது. செருகியைக் கழற்றியதும் சமையல்காரன் அவனை நம்பாமல் வழக்கமான கணக்குக்குச் சமைத்தான்.

மிதுனா இரண்டு திருகாணியைக் கழற்றி அந்தச் சென்சாரை வெளியே எடுத்தாள். உள்ளே தலைமுடியை விட மெல்லிய கம்பி. அது வேலை செய்யும்போது சூடாக இருக்குமாம். அதன்மேல் மஞ்சளும் சாம்பலுமாக ஏதோ கருகிப் படிந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூக்கருகில் கொண்டுபோனாள்.

"மாமா, இது றோட்டுத் தூசி இல்லை. மணக்குது."

"என்ன மணம்?"

"கோயில் மணம்."

நான் வானத்தைப் பார்த்தேன். அவள் போய் நிழலில் கிடந்த துவாயை விரித்தாள். வடிகட்டி, பூட்டும்போது நான் மறுபடி வைத்த பொட்டோடு காரில் இருந்தது. துவாயில் அதன் அச்சு மூன்று குறியோடு அப்படியே பதிந்திருந்தது.

"மாமா... எத்தினை நாளா?"

"வெள்ளிக்கிழமைகளில மட்டும்."

"ஒவ்வொரு வெள்ளியுமோ? தண்ணியில குழைச்சோ?"

"பின்னை எப்பிடிப் பூசுறது?"

உன் மகள் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், சிரித்தாள், பிறகு அது சிரிப்பு இல்லாமல் போயிற்று. என் சட்டையில் முகத்தைத் துடைத்தாள். காய்ந்த சந்தனமும் விபூதியும் பஞ்சுத் துணியினூடாக உள்ளே இழுபட்டு அந்தக் கம்பியில் படிய, நீ உயிர் கொடுத்த எஞ்சினை வாரம் வாரமாக நான் குருடாக்கியிருக்கிறேன். உன்னைக் கும்பிட்டுக் கும்பிட்டே உன் காரை நிறுத்தியிருக்கிறேன், மச்சான்.

சென்சார் கழுவும் ஸ்ப்ரே வாங்கி வந்து, கை படாமல் அடித்து, காயவிட்டு, வடிகட்டியையும் கழுவிப் பூட்டினோம். ஸ்டார்ட் பண்ணினேன். எண்ணூற்றைம்பது. பத்து நிமிடம் அப்படியே நின்று கேட்டோம். எங்கள் இருவருக்கும் ஒரே நினைவுதான் வந்திருக்கும். இது ஏன் நின்றது என்று ஒரு பகலில் கண்டுபிடித்தோம். நீ ஏன் நின்றாய் என்பதற்கு மட்டும் ஏன் எவனுமே எங்களுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை?

"அம்மாவிட்டச் சொல்லாதேங்கோ" என்றாள் மிதுனா. "ஊத்தை பிடிச்சிருந்தது, கழுவினம் எண்டு சொல்லுவம். உங்களை ஏசுவா."

நல்ல வழிதான். என் மானம் தப்பிவிடும். ஆனால் ஊத்தை பிடித்தது என்றால் வசந்தி என்ன நினைப்பாள்? இவர் திறந்த வடிகட்டி வைத்தபடியால்தான் ஊத்தை பிடித்தது. கராஜ்காரன் சொன்னது சரிதான். இன்னொரு நாள் பெரிய வீதியில் நிற்கும். கார் திங்கட்கிழமை போகும். உன் பெயரும் அதோடு போகும். என் மானத்துக்கு வேறு இடங்களிலும் ஓட்டை இருக்கிறது. ஒன்று கூடினால் என்ன?

ஐந்து மாடி ஏறினேன். வசந்தி பருப்புக் கடைந்துகொண்டிருந்தாள்.

"பிழை யோகனில இல்லை."

"அப்ப ஆரில?"

எறும்பை எடுத்து யானையாக்கி ஊர்வலம் விடும் எனக்கு அன்று ஒரு சொல்தான் வந்தது. "என்னில."

முழுதும் சொன்னேன். விபூதியைச் சொன்னேன். சந்தனத்தைச் சொன்னேன். குங்குமத்தைச் சொல்லும்போது அவள் மத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"காருக்குப் பொட்டு வைச்சனியோ?"

"அவனுக்கெண்டு நினைச்சு வைச்சனான்."

ஏசப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப இவர் செய்ததெல்லாம் சரியோ?"

"எல்லாம் சரி."

"அந்தக் குழாயள்?"

"புகை போட்டுப் பாத்தம். ஒரு இடத்திலயும் ஒழுகேல்லை."

"ஆபத்தெண்டு சொன்னானே..."

"அவன் விரலால தட்டிப் பாத்துச் சொன்னவன். உன்ர மகள் பதினொரு இடத்திலயும் டோர்ச் அடிச்சுப் பாத்தவள்."

வசந்தி அடுப்பை அணைத்தாள். முகத்தைக் கழுவினாள். கைப்பையைத் திறந்து, எத்தனையோ வருடமாக வெளியே எடுக்காத சாரதிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தாள். "சாவியைத் தா" என்றாள். தந்தேன். திங்கட்கிழமை காலை, இழுத்துப்போக வர இருந்தவனுக்குத் தொலைபேசியில் அவளே சொல்லிவிட்டாள், வரவேண்டாம் என்று.

அந்த ஒரு வாரம் நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்ட பாட்டைச் சொன்னால் நீ திரும்பி வந்துவிடுவாய். முதல் நாள் ஆர்ஜொந்தெய்ப் பாலத்தில் ஒரு சைக்கிள்காரன் எங்களை முந்தினான். இரண்டாம் நாள் டர்போ விசில் அடித்ததும் "இதென்ன சத்தம்?" என்று காலை எடுத்தாள். மூன்றாம் நாள் அந்த விசிலைக் கேட்பதற்காகவே மிதித்தாள். நான்காம் நாளிலிருந்து என் கண்ணை மூடிக்கொண்டதால் மேற்கொண்டு விவரம் இல்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்களைக் கேட்காமலே வண்டியைத் திருப்பி நேரே அந்தக் கராஜ் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் மிதுனாவும் வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். முள் அசையவில்லை. அவளும் அசையவில்லை.

கடைசியில் அவன் துணியில் கை துடைத்தபடி வெளியே வந்தான். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தான். குனிந்து கேட்டான்.

"அட, நிக்காமல் ஓடுதே! ஆர் அக்கா திருத்தினது?"

"திருத்த ஒண்டும் இருக்கேல்லை" என்றாள் வசந்தி. "செய்தபடியே கிடக்கு."

"ஆர் செய்தது?"

"முந்தியும் கேட்டனீங்கள், சொன்னனான். என்ர மனுசன்."

காலை ஒரு தடவை அழுத்தினாள், மச்சான். ஒரே ஒரு தடவை. அந்தக் கராஜ் கதவு இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கிறது.

ஆகவே, லாச்சப்பலின் மாமன்னன் சத்தியமாகச் சொல்கிறேன். இனி வெள்ளிக்கிழமைகளில் வருவேன், முன்மூடியைத் திறப்பேன், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் கும்பிடுவேன். பிரசாதம் எல்லாம் என் நெற்றிக்கே; அங்கே இடம் தாராளமாக இருக்கிறது. உன் வேலையில் குறை சொல்ல வருகிறவன் எவனாக இருந்தாலும், முதலில் உன் மகளுக்குப் பதில் சொல்லட்டும், பிறகு உன் பெண்சாதிக்கு. அவர்கள் விட்டுவைத்தால் மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வசந்தியின் அண்ணன், மிதுனாவின் மாமன்,
உன் காரை நிறுத்தியவனும் உன்னை நிறுத்த விடாதவனுமாகிய
உன் மச்சான்.